இருபதாவது நாளும் வருகிற பிள்ளை: வாஷிங்டனில் கால்பந்தும் வாசிப்பும் சேர்ந்த கதை

வாஷிங்டன் நகரின் வடமேற்கில் ஆடம்ஸ் மோர்கன் என்று ஒரு பகுதி இருக்கிறது. வெள்ளையர் பிள்ளைகள் படித்த ஆடம்ஸ் பள்ளி, கறுப்பினப் பிள்ளைகள் படித்த மோர்கன் பள்ளி இரண்டின் பெயரையும் சேர்த்து, பள்ளிகளில் இனப்பிரிவினை நீங்கிய 1950-களில் அங்கிருந்தவர்களே வைத்துக்கொண்ட பெயர் அது. பிறகு மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. உயிர் தப்பி வந்த குடும்பங்கள் ஆடம்ஸ் மோர்கனிலும் அதை அடுத்த மவுண்ட் ப்ளெசன்ட், கொலம்பியா ஹைட்ஸ் பகுதிகளிலும் குடியேறின. கிழக்கு சால்வடோரில் உள்ள இன்டிபுகா என்ற சிற்றூரிலிருந்து வந்து வேரூன்றியவர்களே நிறையப் பேர். ஆண்கள் கட்டட வேலைக்கும் ஓட்டல் சமையலறைக்கும் போனார்கள். பெண்கள் அலுவலகங்களைச் சுத்தம் செய்தார்கள், பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

1991 மே 5 அன்று மவுண்ட் ப்ளெசன்டில் ஒரு சால்வடோர்க்காரரைக் கைது செய்யும்போது போலீஸ் சுட்டது. தெரு கொந்தளித்து, நகரில் ஊரடங்கு போடும் அளவுக்குப் போயிற்று. அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையம் இதை விசாரித்து 1993-இல் அறிக்கை வெளியிட்டது. போலீஸ், நீதிமன்றம், பள்ளி, நகராட்சிச் சேவை என எங்கு போனாலும் ஸ்பானிய மொழி பேசும் மக்களுக்கு நியாயமான இடம் இல்லை என்பதே அதன் சாரம்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1994-இல், ஆடம்ஸ் மோர்கனில் உள்ள மேரி ரீட் தொடக்கப்பள்ளியின் ஆசிரியை ஜூலி கென்னடி, பள்ளி விட்ட பிறகு செய்ய ஒன்றும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த தன் மாணவிகளைச் சேர்த்துக் கால்பந்து ஆடவைத்தார். அப்புறம் பையன்களும் வந்து சேர்ந்தார்கள். மைதானத்தில் இறங்க முடியாத நாட்களில் உள்ளே உட்கார்ந்து கவிதை எழுதினார்கள். இன்று 'டிசி ஸ்கோர்ஸ்' என்று அறியப்படும் அமைப்பு இப்படித்தான் தொடங்கியது. 1999-இல் 'அமெரிக்கா ஸ்கோர்ஸ்' என்ற பெயரில் அது மற்ற நகரங்களுக்கும் போனது. பிள்ளைகளிடம் கட்டணம் கிடையாது. நன்கொடையிலும் மானியத்திலும் நடக்கிறது. பள்ளி ஆண்டில்தான் இதன் முதன்மையான வேலை என்றாலும், கோடையில் முகாம்களும் நடத்துகிறார்கள்.

லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வேர் கொண்ட, பிள்ளைகளுக்கென்று அறக்கட்டளைப் பணத்தில் ஒரு கால்பந்து–வாசிப்புக் கோடை முகாம் தொடங்க நினைக்கும் யாரும் முதலில் பார்க்க வேண்டிய முன்மாதிரி இதுதான் என்பது என் கருத்து. இது லத்தீனோக்களுக்கு மட்டுமான அமைப்பு அல்ல. கறுப்பினப் பிள்ளைகளும் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள், அது நல்லதும்கூட. ஆனால் பிறந்த இடம் லத்தீனோ குடியிருப்பு. அங்கே பந்து என்றால் பிள்ளைகள் தாமாகவே வருவார்கள் என்பது பிறந்த நாளிலேயே தெரிந்திருந்தது. அந்த நகரத்தின் தொழில்முறை அணியான டிசி யுனைடெட் 1996-இல் ஆடிய முதல் பருவத்தில் அணியில் சால்வடோர்க்காரரான ராவுல் டியாஸ் ஆர்சே இருந்தார், பொலிவியாவின் மார்கோ எச்செவெரியும் ஹைமே மொரேனோவும் இருந்தார்கள். அந்த ஆண்டே கோப்பையையும் வென்றார்கள். அந்தப் பகுதியில் வளர்ந்த பிள்ளைக்குக் கால்பந்து எங்கிருந்தோ கொண்டுவந்து கற்றுக்கொடுக்க வேண்டிய விளையாட்டு அல்ல.

அணி எப்படி நடக்கிறது

ஸ்கோர்ஸின் அடிப்படை அலகு ஓர் அணி. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு குழுவைச் சேர்க்கிறார்கள். அதே குழுதான் வாரத்தில் இரண்டு நாள் கால்பந்துப் பயிற்சி செய்கிறது, இரண்டு நாள் எழுதுகிறது, ஒரு நாள் வேறொரு பள்ளி அணியோடு ஆட்டம் ஆடுகிறது. எழுத்துப் பாடத்தைப் பெரும்பாலும் நடத்துவது அந்தப் பள்ளியின் ஆசிரியரே. அதாவது பிள்ளையைக் காலையில் வகுப்பில் பார்க்கிறவர்தான் மாலையிலும் பார்க்கிறார். இலையுதிர் பருவ முடிவில் கவிதை மேடை. வசந்த காலத்தில் தங்கள் பகுதிக்கு உதவும் ஒரு வேலையைத் தாங்களே தேர்ந்தெடுத்து, திட்டம் எழுதிச் செய்து முடிக்கிறார்கள்.

கவிதை மேடையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பள்ளிவாரியாக அணிகள் அரங்கில் உட்கார்ந்திருக்கும். நடுவர்கள் இருப்பார்கள். ஓர் அணியின் பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் மேலேறிச் சேர்ந்து ஒரு கவிதை சொல்வார்கள், தனியாகவும் சொல்வார்கள். ஒரு வரி மறந்து நிற்கிற பிள்ளைக்குக் கீழே இருந்து எதிரணிப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். போன வாரம் அதே எதிரணியோடு பந்துக்காக முட்டிக்கொண்டவர்கள்தான். வாய்திறந்து படிக்கக் கூச்சப்படும் பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் துணிச்சல் தரும் ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. அங்கே அவள் தனியாக நிற்கவில்லை, அணியோடு நிற்கிறாள்.

வகுப்பறையில் தப்பாகப் படித்தால் சிரிப்பார்கள். அணியில் கோல் விட்டுவிட்டால் தோளில் தட்டி 'பரவாயில்லை, அடுத்ததைப் பார்' என்பார்கள். அந்தப் பழக்கம் மைதானத்திலிருந்து எழுதும் அறைக்குள் வருவதுதான் ஸ்கோர்ஸ் கண்டுபிடித்த விஷயம். பந்தும் புத்தகமும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் மட்டும் இது நடக்காது; இரண்டு இடத்திலும் அதே பிள்ளைகள், அதே பெரியவர்கள் இருக்க வேண்டும். காலையில் ஒரு நிறுவனத்தின் கால்பந்துப் பயிற்சி, மதியம் வேறொரு நிறுவனத்தின் வாசிப்பு வகுப்பு என்று பிரித்து நடத்தும் முகாம்களில் பிள்ளைகள் மதியத்துக்கு முன்பே நழுவிவிடுவது அதனால்தான்.

கோடை ஏன்

பால்டிமோரில் 1982-இல் 20 பள்ளிகளில் முதல் வகுப்புச் சேர்ந்த சுமார் 790 பிள்ளைகளை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்ல் அலெக்சாண்டர், டோரிஸ் என்ட்விசில், லிண்டா ஓல்சன் ஆகியோர் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளைகளும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேறினார்கள். கோடையில்தான் பிரிந்தார்கள். இதை விளக்க அவர்கள் சொன்ன உவமை குழாய்: பள்ளி நடக்கும்போது எல்லாருக்கும் தண்ணீர் வருகிறது, கோடையில் பொதுக்குழாய் நின்றுபோகிறது, வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் சமாளிக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் தெரியும் வாசிப்பு இடைவெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தொடக்கப்பள்ளிக் காலக் கோடைகளில் சேர்ந்தது என்று 2007-இல் எழுதினார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பை நன்கொடை கேட்கும் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பால் வான் ஹிப்பெல் 2019-இல் அதைக் கேள்விக்குள்ளாக்கினார். அந்தக் காலத் தேர்வுகளின் மதிப்பெண் அளவுகோலே பிரச்சினை. புதிய தேர்வுகளை வைத்துப் பார்த்தால் கோடையில் இடைவெளி பெரிதாக விரிவதாகத் தெரியவில்லை. பெரும்பகுதி பள்ளியில் சேரும் முன்பே உருவாகிவிடுகிறது என்றார். அவர் வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது. அதற்காக முகாம் வேண்டாம் என்று ஆகிவிடாது, அவரும் அப்படிச் சொல்லவில்லை. கோடையில் எல்லாப் பிள்ளைகளும் மெதுவாகத்தான் கற்கிறார்கள். பின்தங்கியவர்கள் ஓடிப் பிடிக்க ஆண்டில் கிடைக்கும் ஒரே அவகாசம் அது. 'இழப்பைத் தடுக்கிறோம்' என்று விண்ணப்பத்தில் எழுதுவதை விட்டு, 'எட்டிப்பிடிக்க உதவுகிறோம்' என்று எழுதினால் சரியாக இருக்கும்.

எட்டிப்பிடிக்க நிறையவே இருக்கிறது. 2022-இல் நடந்த தேசியக் கல்வி மதிப்பீட்டில் நான்காம் வகுப்பு வாசிப்பில் வெள்ளையர் பிள்ளைகளின் சராசரி 227, ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி வேர் கொண்ட) பிள்ளைகளின் சராசரி 205. 2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்கள் 6.21 கோடி, நாட்டின் 18.7 சதவீதம். ஓரமாக ஒதுக்கிவைத்துப் பேசக்கூடிய எண்ணிக்கை இல்லை இது.

வருகை

கோடைத் திட்டங்களைப் பற்றி நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய சோதனை வாலஸ் அறக்கட்டளை பணம் கொடுத்து, ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் அளந்தது. பாஸ்டன், டாலஸ், ஜாக்சன்வில், பிட்ஸ்பர்க், ராச்செஸ்டர் ஆகிய ஐந்து இடங்கள். 2013-இல் மூன்றாம் வகுப்பு முடித்த சுமார் 5,600 பிள்ளைகளில் குலுக்கல் முறையில் சிலருக்கு இரண்டு கோடைகளுக்கு இடம் கிடைத்தது. முகாம் ஐந்து ஆறு வாரம். காலையில் பாடம், பிறகு விளையாட்டும் கலையும்.

முதல் கோடைக்குப் பிறகு கணக்கில் முன்னேற்றம் தெரிந்தது, வாசிப்பில் தெரியவில்லை. ஆனால் 20 நாளோ அதற்கு மேலோ வந்த பிள்ளைகளை மட்டும் தனியே பார்த்தபோது, இரண்டாவது கோடைக்குப் பின் வாசிப்பிலும் முன்னேற்றம் இருந்தது. நிறைய நாள் வருகிற பிள்ளையின் வீடும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கலாம், ஆகவே இதை முழு நிரூபணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் திசை தெளிவு. இடம் கிடைத்த பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முதல் கோடையில் ஒரு நாள்கூட வரவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இலவசம் என்று அறிவித்தால் போதும், கூட்டம் தானாக வரும் என்பது பொய்.

ஆகவே ஒரு கோடை முகாமுக்கு உண்மையான கேள்வி ஒன்றுதான்: இருபதாவது நாள் காலையில் அந்தப் பிள்ளை ஏன் வர வேண்டும்? முதல் நாள் அம்மா அனுப்புவாள். மூன்றாவது வாரம் வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, வீட்டில் தொலைக்காட்சி ஓடும்போது, அண்ணன் 'நீ போகாதே' என்னும்போது? 'இன்றைக்கு நான் போகாவிட்டால் அணிக்கு ஆள் குறையும்' என்பது ஒரு பதில். வெள்ளிக்கிழமை ஆட்டம் இருக்கிறது, தடுப்பாட்டத்தில் தன் இடம் காலியாக நிற்கும் என்று பத்து வயதில் ஒருவர் உணர்வது பெரிய விஷயம். வாசிப்பு வகுப்பு மட்டும் நடத்துகிறவர்களால் இந்தக் காரணத்தைக் கொடுக்க முடியாது.

அதனால்தான் கால்பந்தைத் தூண்டில் புழுவாக நடத்தும் முகாம்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. 'இரண்டு பக்கம் படித்தால்தான் பந்து' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். படிப்பைத் தண்டனையாகவும் ஆட்டத்தைக் கூலியாகவும் பிள்ளைக்குக் கற்றுத்தருவது அது. கடைசியில் சரியாகப் படிக்க வராத பிள்ளைதான் ஆட்டத்தையும் இழக்கிறது. யாருக்காக முகாம் நடத்துகிறோமோ அதே பிள்ளை.

பந்து தெரிந்தவருக்குப் படிக்கவும் வரும்

கால்பந்து செய்யும் இரண்டாவது வேலையைப் பலரும் கவனிப்பதில்லை. 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் கட்டுரையைப் படிக்கக் கொடுத்து, நடந்ததை ஒரு மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்புத் தேர்வில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாகப் படிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட மிக நன்றாகச் செய்தார்கள். சொன்னது புரிவதற்கு எழுத்துக்கூட்டும் திறன் மட்டும் போதாது, விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இன்றும் காட்டப்படும் ஆதாரம் இது.

ஆங்கில வாசிப்பில் 'பின்தங்கியவர்' என்று பெயர் வாங்கிய ஒரு சால்வடோர்ச் சிறுவன் முன்னால் ஓர் ஆட்டத்தின் செய்தியை வையுங்கள். ஆஃப்சைடு என்றால் என்ன, ஏன் அந்தக் கோல் செல்லவில்லை என்று ஆசிரியருக்கே அவன் சொல்லித்தருவான். தெரியாத சொல் நடுவில் வந்தால் ஆட்டத்தின் போக்கை வைத்து ஊகித்துவிடுவான். ஊகிப்பது சரியாகப் போனால் அடுத்த பக்கத்துக்குத் துணிவு வருகிறது. பள்ளிப் பாடப்புத்தகத்தில் பனிக்கால விடுமுறைக் குடிலைப் பற்றிய பத்தி அவனுக்கு இந்த வாய்ப்பைத் தருவதில்லை.

எழுத்துக்கூட்டும் இடத்தில் அவன் எங்கே தடுக்குகிறான் என்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஸ்பானியத்தில் ஐந்து உயிரெழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒலி. ஆங்கிலத்தில் பூனை, கேக், கார், பந்து ஆகியவற்றுக்கான சொற்களில் (cat, cake, car, ball) வருவது ஒரே எழுத்து, ஒலி நான்கு. அவன் தப்பாகப் படிப்பது அறியாமையால் அல்ல, தனக்குத் தெரிந்த ஒழுங்கான விதியைப் பொருத்திப் பார்ப்பதால். மெய்யெழுத்துக் கூட்டில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஓர் உயிரைச் சேர்த்து 'எஸ்கூல்' என்பான். நம் ஊரில் 'இஸ்கூல்' என்கிறோமே, அதே கதை. மறுபுறம் அவனுக்கு ஒரு பெரிய சொத்து கைவசம் இருக்கிறது: விலங்கு (animal), மருத்துவமனை (hospital) போன்ற சொற்கள் இரண்டு மொழியிலும் ஒரே எழுத்துகளில் எழுதப்படுகின்றன. இதை ஒருவர் சுட்டிக்காட்டினால் போதும், பக்கம் பக்கமாகத் தெரிந்த சொற்கள் கண்ணில் படும். இதைச் சுட்டிக்காட்ட ஸ்பானியம் தெரிந்த ஒரு பெரியவர் வேண்டும். முகாமில் ஸ்பானியம் பேசுகிறவர் மைதானத்தில் மட்டும் இருந்து, வாசிப்பறையில் யாருக்கும் அது தெரியாது என்றால் ஆள் நியமித்ததே தப்பு.

தாய்மொழியில் படிக்கத் தெரிந்திருப்பது ஆங்கில வாசிப்புக்குத் துணைதான் என்று 2006-இல் வெளியான தேசிய எழுத்தறிவுக் குழு அறிக்கையும் சொல்லியிருக்கிறது. ஸ்பானியப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பாட்டியும் சேர்ந்து படிப்பாள். எழுத்தாளர் பாட் மோரா 1996-இல் தொடங்கிவைத்த குழந்தைகள்–புத்தகங்கள் தினம் ஏப்ரல் 30-இல் அமெரிக்க நூலகங்களில் நடக்கிறது. இரு மொழிப் புத்தகங்களின் நல்ல பட்டியல் வேண்டுமென்றால் அந்த நூலகர்களைக் கேட்டாலே போதும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: குவாதமாலாவிலிருந்து வந்த சில குடும்பங்களில் வீட்டு மொழி மாம், கிச்சே போன்ற மாயன் மொழி. அந்தப் பிள்ளைக்கு ஸ்பானியமே இரண்டாவது மொழி. 'ஹிஸ்பானிக்' என்று பெயர் எழுதி ஒரே பெட்டியில் போட்டால் அது தெரியாமலே போய்விடும்.

எந்தப் புத்தகம்

ஃபுளோரிடாவில் ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் செய்த சோதனை முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு பொக்கிஷம். வறுமை மிகுந்த 17 பள்ளிகள். தொடர்ந்து மூன்று கோடை, ஒவ்வொரு கோடைக்கும் 12 புத்தகம், பிள்ளை தானே கண்காட்சியில் தேர்ந்தெடுத்தது, தானே வைத்துக்கொள்வது. வகுப்பு கிடையாது, கேள்வித்தாள் கிடையாது. மூன்று ஆண்டு முடிவில், கோடை வகுப்புக்குப் போனால் கிடைக்கும் அளவுக்குப் பலன் தெரிந்தது என்று 2010-இல் எழுதினார்கள். மிகவும் ஏழைப் பிள்ளைகளிடம் இன்னும் கூடுதலாக.

பிள்ளைகள் விரும்பி எடுத்தவற்றில் பாடகர்கள், தொலைக்காட்சி நட்சத்திரங்கள் பற்றிய புத்தகங்கள் முன்னணியில் இருந்தன. நல்லெண்ணம் கொண்ட பெரியவர்கள் இந்த இடத்தில்தான் முகம் சுளிப்பார்கள். மெஸ்ஸியைப் பற்றிய மெல்லிய படப்புத்தகத்தை ஒரு சிறுமி மூன்றாவது தடவை எடுக்கிறாள் என்றால் எடுக்கட்டும். மூன்று தடவை படித்த ஒன்று அவளுக்குச் சரளத்தைத் தரும். நன்கொடையாக வரும் பழைய புத்தக மூட்டைகளை நம்பி முகாம் நடத்தாதீர்கள். வேறு வீட்டுப் பிள்ளைகள் வேண்டாம் என்று ஒதுக்கியவை அவை. 60 பிள்ளைகளுக்குத் தலைக்கு 12 என்றால் 720 புத்தகம். புதிதாக, அவர்கள் கேட்டதை வாங்கிக் கொடுங்கள்.

பணம் எங்கே போக வேண்டும்

நன்கொடையாளர்களுக்கு ஜெர்சி பிடிக்கும். நிறுவனப் பெயர் மார்பில் அச்சாகும், புகைப்படத்தில் அழகாக விழும். ஒரு பிள்ளைக்கு அணியின் சட்டை முக்கியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பணம் குறைவாக இருக்கும்போது முதலில் வெட்டப்படுவது எது என்று பாருங்கள்: பேருந்து, ஆசிரியர் ஊதியம், புத்தகம். வருகையைத் தீர்மானிப்பவையே வெட்டப்படுகின்றன.

ரேண்ட் ஆய்விலிருந்து வந்த பரிந்துரைகளில் அடிக்கடி வருபவை இவை: வாசிப்புக்கு அந்தந்த வகுப்பைக் கற்பித்த அனுபவமுள்ள தகுதி பெற்ற ஆசிரியர், சிறிய வகுப்பு, இலவசப் போக்குவரத்து, இலவச உணவு, ஜனவரியிலேயே தொடங்கும் திட்டமிடல். கல்லூரி மாணவத் தன்னார்வலர்கள் மைதானத்தில் அருமையாக இருப்பார்கள். ஆனால் 'எஸ்கூல்' என்று படிக்கிறவனுக்கு எது தடையென்று கண்டுபிடிப்பது ஓர் ஆசிரியரின் வேலை, அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். காலை ஆறு மணிக்கே கட்டட வேலைக்குப் போய்விடும் அப்பாவால் ஒன்பது மணிக்குப் பிள்ளையை முகாமில் விட முடியாது. பேருந்து இல்லாத முகாம் அந்த வீட்டுக்கு இல்லவே இல்லை.

உணவுக்கு அறக்கட்டளைப் பணத்தைத் தொடவே வேண்டியதில்லை. அமெரிக்க வேளாண் துறையின் கோடை உணவுத் திட்டம் 1968-இல் சோதனையாகத் தொடங்கி 1975-இல் நிரந்தரமானது. வருமானம் குறைந்த பகுதியில் ஒரு 'திறந்த' மையமாகப் பதிந்தால், 18 வயது வரை வரும் எந்தப் பிள்ளைக்கும் சாப்பாடு உண்டு. பெயர்ப் பதிவோ வருமானச் சான்றோ கேட்கப்படுவதில்லை, குடியுரிமைக் கேள்வியும் இல்லை. வேலையாகக் கொஞ்சம் காகிதம் இருக்கிறது, ஆய்வாளர் வந்து பார்ப்பார். அதைச் செய்ய ஓர் ஆளை ஒதுக்கினால் மிச்சப்படும் பணத்தில் பேருந்து ஓடும். இதைத் தெரிந்தும் செய்யாமல் தினமும் பீட்சா வாங்கும் அமைப்புகளைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது.

நாள் அட்டவணையில் ஒரு விஷயம் மட்டும். வாஷிங்டன் கோடையில் புழுக்கம் அதிகம். வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். பந்தை அதிகாலைக் குளிர்ச்சியில் வைத்துவிட்டு வாசிப்பை மதியம் வைத்தால் களைத்த பிள்ளைகள் மேசையில் சாய்ந்துவிடுவார்கள். காலையில் ஒரு மணி நேரம் ஆட்டம், முகம் கழுவி ஏதாவது கொறித்துவிட்டு வாசிப்பு, சாப்பாடு, அப்புறம் சத்தமாகக் கதை கேட்பது, கடைசியில் நிழலில் ஒரு சின்ன ஆட்டம் என்று மாற்றிக் கலப்பது நல்லது. கடைசியில் ஆட்டம் இருந்தால் நடுவில் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

வராதவர்கள்

மேரி ரீடில் தொடக்கம் சிறுமிகளிடமிருந்து என்பதை நினைவில் வைக்க வேண்டும். கால்பந்து முகாம் என்று பொதுவாக அறிவித்தால் லத்தீனோ வீடுகளிலிருந்து பையன்கள்தான் வருவார்கள், சிறுமி வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். அவளுக்கென்று தனி அணியும் ஒரு பெண் பயிற்சியாளரும் இருந்தால் பாதித் தடை நீங்கும். மீதிப் பாதி அந்தத் தம்பி. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை மட்டும் என்று எல்லை போட்டால், ஐந்து வயதுத் தம்பியை விட்டுவிட்டு அவளால் வர முடியாது. சிறு பிள்ளைகளுக்கு ஒரு பக்கத்து அறையும் ஒருவரும் ஒதுக்குவது அதிகச் செலவு இல்லை. வாசிப்பில் அதிகம் பயன்பெறக்கூடிய ஒரு மாணவியை அது உள்ளே கொண்டுவரும்.

இன்னொரு தடை பயம். ஆவணம் இல்லாத குடும்பத்துப் பிள்ளையாக இருந்தாலும் அரசுப் பள்ளி கதவை மூட முடியாது என்று 1982-இல் டெக்சாஸ் வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளி, தேவாலயம் போன்ற இடங்களில் குடிவரவு அதிகாரிகள் பொதுவாகக் கைது நடவடிக்கையில் இறங்க மாட்டார்கள் என்ற நீண்டகால வழிகாட்டுதலும் இருந்தது. 2025 ஜனவரியில் அந்த வழிகாட்டுதல் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வாஷிங்டன் நகரக் காவல் துறையை ஒன்றிய அரசு தன் கட்டுப்பாட்டுக்குள் எடுத்தபோது குடிவரவுக் கைதுகளும் தெருவுக்கு வந்தன. இப்படியான கோடையில் பிள்ளையைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவிடக்கூட ஒரு தாய் யோசிப்பாள்.

முகாம் நடத்துகிறவர்கள் இதற்குச் செய்யக்கூடியவை இருக்கின்றன. விண்ணப்பத்தில் தேவையில்லாத ஒரு கேள்வியும் வேண்டாம்: சமூகப் பாதுகாப்பு எண், பிறந்த நாடு, பெற்றோர் வேலை செய்யும் இடம் எதுவும் ஒரு பிள்ளை பந்து ஆட அவசியமில்லை. சேகரிக்காத தகவலை யாரும் கேட்டு வாங்க முடியாது. பெற்றோர் வர முடியாத நாளில் பிள்ளையை அழைத்துப்போக ஒன்றுக்கு மேற்பட்ட நம்பகமானவர்களின் பெயரை முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். அறிவிப்பைக் காகிதத்தில் அச்சிடுவதோடு நிறுத்தாமல், அந்த வீதியில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு தாயை வேலைக்கு எடுத்து வீடு வீடாகப் பேசச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாக்கள் ஆடும் லீக் மைதானத்தில் போய் நின்றால் ஒரே மதியத்தில் பாதி அணி சேர்ந்துவிடும்.

எதை அளப்பது

சான் பிரான்சிஸ்கோவில் ஆறு பள்ளிகளில் ஸ்கோர்ஸ் திட்டத்தைக் குலுக்கல் முறையில் சோதித்து 2013-இல் ஒரு குழந்தைகள் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் உடல் எடையிலும் மொத்த ஓடியாடும் நேரத்திலும் ஒட்டுமொத்தமாக வித்தியாசம் இல்லை. ஆனால் எடை கூடிய பிள்ளைகளை மட்டும் பார்த்தபோது, பள்ளி விட்ட பிறகும் சனிக்கிழமைகளிலும் அவர்கள் அதிகமாக ஓடியாடினார்கள். தங்கள் திட்டத்தை இப்படி நேர்மையாகச் சோதிக்க அனுமதித்த அமைப்புமேல் எனக்கு மதிப்பு கூடியது. பெரிய வெற்றி என்று முழங்க முடியாத முடிவுதான், ஆனால் யாருக்கு உதவுகிறது என்று தெளிவாகக் காட்டியது.

சிறிய முகாமுக்கு இப்படி ஒரு சோதனை கட்டுப்படியாகாது. முதல் வாரம் ஒரு வாசிப்புத் தேர்வும் ஆறாவது வாரம் இன்னொன்றும் வைத்து 'இத்தனை சதவீதம் முன்னேற்றம்' என்று அறிக்கை எழுதுவதை மட்டும் தவிர்த்தால் நல்லது. முதல் நாள் அறிமுகமில்லாதவர் முன்னால் வாயே திறக்காத பிள்ளை, ஆறாவது வாரம் பழகியவரிடம் நன்றாகப் படிப்பாள். அதை வாசிப்பு வளர்ச்சி என்று கணக்கில் சேர்க்க முடியாது. வருகைப் பதிவேடு, வீட்டுக்கு எடுத்துப்போன புத்தகங்களின் எண்ணிக்கை, அடுத்த ஆண்டு திரும்பி வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, பள்ளி சம்மதித்தால் இலையுதிர் காலத்தில் பள்ளியே வைக்கும் தேர்வின் மதிப்பெண்: இவை போதும். 20 நாளுக்குக் குறைவாக வந்தவர்களின் பெயரைத் தனியே எழுதி, செப்டம்பரில் அவர்கள் வீட்டுக்குப் போன் செய்து ஏன் வரமுடியவில்லை என்று ஸ்பானியத்தில் கேளுங்கள். ஜனவரியில் அடுத்த முகாமுக்குத் திட்டம் போட உட்காரும்போது மேசையில் முதலில் இருக்க வேண்டியது அந்தப் பதில்கள்.